எந்த வருடத்து ராஃபிள்ஸ்?

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம். குப்பை போட்டால் அபராதம் தீட்டுகிற ஊரில் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் விலக்கு. மரபாம். கூரையில் பனையோலை விசிறிகள் வரிசையாக, நிதானமாக ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டுவது மோட்டார்.

ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் ஆரம்பித்த ஹோட்டல் இது. 1987இல் தேசிய நினைவுச்சின்னமானது. 1989இல் மூடி, பெரும் செலவில் புதுப்பித்து, 1991இல் திறந்தார்கள். நூறு வருடம் இடித்தும் சேர்த்தும் வளர்ந்த கட்டடத்தை எந்த வருடத்துக்குத் திருப்புவது? 1915 என்று முடிவானது. சிங்கப்பூர் ஸ்லிங் பிறந்ததாக ஹோட்டல் சொல்லிக்கொள்ளும் வருடமும் அதுதான். தற்செயலாகவும் இருக்கலாம்!

என் தொழிலில் இதற்கு ரோல்பேக் என்று பேர். பழைய வெர்ஷனுக்குப் போனால், அதற்குப் பிறகு யார் யாரோ எழுதிச் சேர்த்ததெல்லாம் காலி. இங்கே காலியானது பால்ரூம். 1913இல் வாசலில் வார்ப்பிரும்பு முகப்பு ஒன்று வைத்திருந்தார்கள். சில வருடங்களிலேயே அதை எடுத்துவிட்டு நடன அரங்கம் கட்டினார்கள். அது ஏறத்தாழ எழுபது வருடம் நின்றது. புதுப்பித்தபோது அதை இடித்துவிட்டு, இரும்பு முகப்பைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். அதாவது நிஜமாகவே பழசாக இருந்ததை எடுத்துவிட்டு, பழசு மாதிரி இருப்பதை வைத்தார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் 'பாதுகாப்பு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2017 டிசம்பரில் முழுக்க மூடி 2019இல் திறந்த இரண்டாவது புதுப்பிப்பு இந்த வகையில் அடக்கமானது. 103 அறைத்தொகுதிகள் 115 ஆயின. நவீன வசதிகள் கண்ணை உறுத்தாமல் உள்ளே போயின. இன்ன வருடத்துக்குத் திரும்புகிறோம் என்ற வீம்பு அதில் இல்லை.

லாங் பாருக்கே வருகிறேன். அது பழைய இடத்தில்கூட இல்லை. முதல் புதுப்பிப்பில் கட்டிய ஆர்கேடின் மாடியில் இருக்கிறது. அலங்காரம் 1920களின் மலாயாத் தோட்ட வாழ்க்கையாம். தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்ட நம் ஆட்கள் கப்பலேறிப் போனது அங்கேதான். இந்த பார் நினைவில் வைத்திருப்பது துரையின் சாயங்காலத்தை. லயத்து வீட்டுக்காரர்களின் விடியற்காலை எந்த வெர்ஷனிலும் இல்லை.

அந்த விசிறிகள் வேறு. 1899இல் பிரதான கட்டடம் எழுந்தபோது அதன் பெருமையே மின்விளக்கும் மின்விசிறியும்தான். அதற்கு முந்தைய காலனி வீடுகளில் பங்கா கட்டி, வேலையாள் ஒருவர் உட்கார்ந்து கயிறு இழுப்பார். 1915க்குத் திருப்பிய ஹோட்டலில், 1920களின் பாரில், 1899க்கு முந்தைய அசைவு. கயிறு இழுத்த ஆளைக் காணோம், காற்று மட்டும் அதே பக்கம் வீசுகிறது.