சங்கிலியைப் பார்த்து வாங்குங்கள்

வட்டைக் கூடைக்குள் எறியும் விளையாட்டான டிஸ்க் கோல்ஃபில், கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்குள் நழுவவிடும் ஒவ்வொரு வீச்சும் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் பலர் வீட்டுப் புல்வெளியில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கூடையை நிறுத்திப் பழகுகிறார்கள். வாங்கும்போது விலையையும் தூக்கும் எடையையும் பார்க்கிறார்கள். என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது சங்கிலி. எட் ஹெட்ரிக் 1977இல் காப்புரிமை பெற்ற கூடையிலிருந்து இன்றுவரை, வட்டைத் தடுத்து நிறுத்தும் வேலை சங்கிலியுடையது. கூடைக்கு அருகிலிருந்து எறியும் வட்டான புட்டர், சுமார் 175 கிராம் எடையுடன் வந்து மோதும்போது சங்கிலி அசைந்து மேலெழுகிறது, அந்த அசைவில் வட்டின் வேகம் செலவாகிறது, வட்டு தட்டில் விழுகிறது. சங்கிலி மெலிந்தோ இடைவெளி விட்டோ தொங்கினால் வட்டு நடுவே புகுந்து கம்பத்தில் மோதித் திரும்பும், இல்லையென்றால் மறுபக்கம் வெளியேறிவிடும். உள்வரிசையும் வெளிவரிசையுமாக 24 சங்கிலிகள் கொண்ட எம்விபி பிளாக் ஹோல் புரோ போன்றவை இந்த இடத்தில்தான் மலிவான கூடைகளை விஞ்சுகின்றன.

எளிதில் பிடிக்காத கூடை நல்ல பயிற்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் இரண்டு வேறு விஷயங்கள் அதில் கலந்துவிடுகின்றன. இன்னோவா ஸ்கில்ஷாட், எம்விபி பிளாக் ஹோல் பிரிசிஷன் போன்ற குறுகிய கூடைகள் குறி தவறிய வீச்சைத்தான் தள்ளுகின்றன, அது குறியைக் கூர்மையாக்கும். மெலிந்த சங்கிலியோ சரியாக வந்த வீச்சையும் துப்புகிறது. நடுவில் அழுத்தமாக எறிந்த வட்டு திரும்பத் திரும்ப வெளியே விழுந்தால், கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மென்மையான வீச்சு முற்றத்தில் பலிக்கும். திடலில் எதிர்க்காற்று வீசும் நாளில் அது கூடைக்கு முன்பே தரையில் விழும். பயிற்சிக் கருவியே தவறான பழக்கத்தைக் கற்றுத்தருவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கனமான சங்கிலி என்றால் கூடையும் கனக்கும் என்பது உண்மை. பூங்காவுக்குத் தூக்கிப் போகிறவர்களுக்கு, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் இன்னோவா டிஸ்கேட்சர் டிராவலர் வசதியானது, பிடிக்கும் திறனில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் கூடை வீட்டைவிட்டு நகராது என்றால் எடைக்குறைவுக்காகச் சங்கிலியை இழப்பதில் பொருளில்லை, அந்த எடைதான் காற்றில் கூடை சாயாமலும் காக்கிறது. உயரத்தில் மட்டும் யாரும் சமரசம் செய்ய வேண்டாம். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி தட்டின் விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. உயரத்தில், 6 செ.மீ. கூடுதல் குறைவுக்குள் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்த கூடையில் பழகிய கண், திடலில் தாழ்வாகவே குறிவைக்கும். சங்கிலிக்குப் பதில் துணி தொங்கும் கூடைகளைக் குழந்தைகள் விளையாட வாங்கிக் கொடுங்கள், போட்டிக்குப் பழக வேண்டாம்.