நோட்டுசுவரமும் பழம்பியானோவும்: மணலி இசைமரபின் ஒலிப்பதிவுக்கான சில அளவுகோல்கள்

ஆய்வுச் சுருக்கம்

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவர சாகித்தியங்கள் மேனாட்டு மெட்டுகளில் அமைந்தவை. அவற்றை அவர் காலத்துச் சதுரப் பியானோவில் பதிவுசெய்வது எவ்வளவு பொருந்தும் என்பதை மணலி வரலாறு, சுருதி அளவு, சாகித்தியம் ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நோட்டுசுவரம், மணலி, சதுரப் பியானோ, அந்தர காந்தாரம், ஒலிப்பதிவு

மணலியும் கோட்டையும்

திருவொற்றியூரை அடுத்த மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையாலும் உர ஆலையாலும் அறியப்படும் ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது இசைவாணர்களைப் புரந்த இடமாகவும் விளங்கியது. ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியாரும், அவருக்குப்பின் சின்னையா முதலியார் எனப்படும் வேங்கடகிருஷ்ண முதலியாரும் இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தனர். தீட்சிதர் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய இசையைக் கேட்டதும், பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றதும் இச்சூழலில் நிகழ்ந்தவை.

இத்தொடர்பின் விளைவுகள் இரண்டு. வயலின் கர்நாடக இசையின் பக்கவாத்தியமாக நிலைபெற்றது. ஏறத்தாழ 40 நோட்டுசுவரங்கள் தோன்றின. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலும், ‘வந்தே மீனாக்ஷி’ லிமெரிக் என்னும் அயர்லாந்து மெட்டிலும் அமைந்தவை. முதல் விளைவு இசை வரலாற்றில் விரிவாகப் பேசப்படுகிறது. இரண்டாவது, சிறுவர்க்கான தொடக்கப் பாடமாகச் சுருங்கிவிட்டது.

கல்கத்தா தரும் ஒப்புமை

வில்லியம் ஹாமில்டன் பேர்டு 1789இல் கல்கத்தாவில் வெளியிட்ட ‘ஓரியன்டல் மிசலனி’, இந்துஸ்தானிப் பாடல்களை ஹார்ப்சிகார்டு இசைக்கருவிக்கு ஏற்ப எழுதிய தொகுப்பாகும். ஜேன் சாப்மன் இதனை 1772ஆம் ஆண்டின் கிர்க்மன் ஹார்ப்சிகார்டில் வாசித்த இசைத்தட்டு 2015இல் வெளிவந்தது. கருவி வெறும் அலங்காரமாக நில்லாமல் சான்றாகச் செயல்படுவதே அப்பதிவின் சிறப்பு. ஒவ்வொரு சுரமும் மீட்டப்பட்டவுடன் தேயத் தொடங்குவதால், பாடகரின் நீண்ட கார்வை எந்த அளவுக்கு எழுத்துக்குள் அடங்காமல் நழுவியது என்பது செவிக்கே புலனாகிறது.

மணலியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே இந்தியப் பாடல் ஐரோப்பியக் கருவிக்குச் சென்றது; இங்கே ஐரோப்பிய மெட்டு வடமொழிப் பாடலுக்குள் வந்தது. இம்மெட்டுகள் கமகத்தை வேண்டுவதில்லை. வளைவும் அசைவும் வாசிக்க இயலாமையே பியானோவைக் கர்நாடக இசையிலிருந்து விலக்கிவைத்த முதன்மைக் காரணம். அக்காரணம் நோட்டுசுவரத்துக்குப் பொருந்தாது. எனவே பழம்பியானோவின் தகுதியை வேறு அளவுகோல்களால் மதிப்பிட வேண்டியுள்ளது.

காந்தாரமும் பஞ்சமமும்

1800ஐ ஒட்டிய சதுரப் பியானோ மரச்சட்டமும் மெல்லிய கம்பிகளும் தோல் போர்த்த சுத்திகளும் கொண்டது. முழு இரும்புச் சட்டத்துக்கு பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் காப்புரிமை பெற்றது 1825இல்தான். பழங்கருவியின் ஒலி மெலிதாகவும் விரைவில் அடங்குவதாகவும் இருக்கும். அன்றைய சுருதிகூட்டும் முறையும் வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் பன்னிரு சுரங்களைச் சமமாகப் பகுக்கும் முறை பொதுவழக்காகவில்லை.

நோட்டுசுவரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் இயங்குபவை. தம்பூராவின் ஆதார சட்ஜக் கம்பியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் 386 சென்ட் அளவினது. இன்றைய பியானோவின் காந்தாரமோ 400 சென்ட். கமகத்தால் மறைக்கப்படாமல் நேராக நிற்கும் காந்தாரத்தில் இந்த 14 சென்ட் வேறுபாடு பயிற்சியுள்ள செவிக்குத் தப்பாது. மூன்றாம் சுரத்தைத் தூயதாக வைக்கும் பழைய மீன்டோன் முறையில் காந்தாரம் 386இலேயே அமையும். ஆனால் பஞ்சமம் 702 என்னும் தூய அளவிலிருந்து ஏறத்தாழ 697ஆகக் குறையும். தம்பூராவின் பஞ்சமக் கம்பியோடு அது இழையாது. ஆகவே ‘பழங்கருவி’ என்பதனாலேயே சுருதிச் சிக்கல் தீர்ந்துவிடாது. காந்தாரம், பஞ்சமம் இரண்டையும் தூயதாக வைத்து ஒரே சட்ஜத்துக்குக் கூட்டுவது மூன்றாவது வழி. அப்போது ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் இடையிலான உறவு கெடும். தனி மெட்டாக வாசிக்கும்வரை இக்கேடு பெரிதாகத் தோன்றாது. அவ்விரு சுரங்களும் சேர்ந்தொலிக்கும் ஹார்மனி சேர்த்தால் உடனே வெளிப்படும்.

சாகித்தியத்தின் இடம்

கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரனின் ‘விஸ்மயா’ தொகுப்பு நோட்டுசுவரங்களை மேனாட்டுக் கருவிகளின் துணையோடு பாடலாகவே முன்வைத்தது. சொல்லை மையத்தில் நிறுத்திய அத்தேர்வு முறையானது. மெட்டு தீட்சிதருடையது அன்று. அதன் அசைகளுக்கேற்ப நெடிலும் குறிலும் நிரப்பி, அரச வாழ்த்தைத் தேவி துதியாக மாற்றியதே அவருடைய ஆக்கம். பியானோவில் மட்டும் வாசித்தால் எஞ்சுவது பழைய ஆங்கில மெட்டு, தீட்சிதர் மறைந்துவிடுவார். மேலும், மணலி மரபு வரலாற்றில் முன்னிற்பவை கோட்டையின் பேண்டு இசையும் வயலினும் ஆகும். சதுரப் பியானோ தீட்சிதர் காலத்தது என்பதைக் கொண்டு அதனை மணலியின் கருவியாக அறிமுகப்படுத்துவது வரலாற்றுப் பிழையாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பழம்பியானோ நோட்டுசுவரப் பதிவில் இடம்பெறத் தகும் எனினும், அது குரலுக்குத் துணையாகவே அமைய வேண்டும் என்பது பெறப்படுகிறது. எந்தக் காலத்துக் கருவி, எந்தச் சுருதிமுறை, தம்பூரா உண்டா இல்லையா என்பவற்றைப் பதிவோடு வெளிப்படையாகக் குறிப்பதும் இன்றியமையாதது. இக்குறிப்புகள் இன்றேல் பழமையின் ஒலி ஒரு சுவையாக மட்டுமே நிற்கும். அவை இருப்பின், ஒலிப்பதிவே ஓர் ஆய்வுச் சான்றாகும்; மணலியில் நிகழ்ந்த பண்பாட்டுச் சந்திப்பையும் சொல்லும் சுரமும் இணைந்த நிலையில் மதிப்பிட இயலும்.