ஸ்கைரிம் மோடுகள்: கருவியிடம் எதை விடலாம், எதை விடக்கூடாது

2011 நவம்பரில் வெளிவந்த ஸ்கைரிம் இன்றும் விளையாடப்படுவதற்குப் பெரிய காரணம், விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் உருவாக்கிக் குவித்த மோடுகள். அவற்றைச் சேர்க்கும் பழைய வழி எளிது: ஜிப் கோப்பை இறக்கி, பிரித்து, விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் போட்டுவிட வேண்டியதுதான். ஒன்றிரண்டு மோடுகளுக்கு இது தாராளமாகப் போதும். எண்ணிக்கை கூடும்போதுதான் வம்பு. ஒரு மோட் கல்சுவர்களின் தோற்றத்தை மாற்றுகிறது. அடுத்த மோடிலும் அதே பெயரில் ஒரு டெக்ஸ்சர் கோப்பு இருக்கிறது. பழையதன் மேல் எழுதலாமா என்று விண்டோஸ் கேட்க, ஆம் என்றதும் முதல் கோப்பு அழிந்துவிடும். பிறகு இரண்டாவது மோடை நீக்கினாலும் முதல் மோடின் சுவர் திரும்பாது. எந்தெந்தக் கோப்புகள் போயின என்ற பதிவும் எங்கும் இருக்காது.

மோட் ஆர்கனைசர் 2 என்ற கருவி இந்தக் குறையை வேரோடு களைந்தது. ஒவ்வொரு மோடையும் தனி ஃபோல்டரில் வைத்து, விளையாட்டு ஓடும்போது மட்டும் அவை டேட்டா ஃபோல்டரில் இருப்பதுபோல் அது காட்டுகிறது. இரண்டு மோடுகள் மோதினால் எதன் கோப்பு மேலோங்குகிறது என்பது திரையிலேயே தெரியும். வரிசையை மாற்றினால் போதும், எதுவும் அழியாது. கையால் செய்தால்தான் உள்விவரம் பிடிபடும் என்பவர்களின் ஆர்வம் மதிக்கத்தக்கது. ஆனால் கற்க வேண்டிய முக்கியமான பாடம் இந்த மோதல்தான். அதைக் கைமுறை மறைக்கிறது, கருவி காட்டுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் கருவியிடம் ஒப்படைத்துவிட முடியாது. மோடுகளில் விளையாட்டின் தரவுப் பதிவுகளை மாற்றும் கோப்புகளான ப்ளகின்களை வரிசைப்படுத்தும் லூட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ப்ளகின் ஒரு கடைக்காரரின் முகத்தை மாற்றுகிறது, இன்னொன்று அவருடைய உடையை. இரண்டும் தொடுவது ஒரே பதிவை. கடைசியாக ஏறுவதே முழுமையாக நிற்கும். உடை ப்ளகின் கடைசியில் வந்தால், புதிய முகக் கோப்பு பதிவோடு பொருந்தாமல் கடைக்காரரின் முகம் கறுத்துப்போகும். இரண்டும் வேண்டுமென்றால் எஸ்எஸ்ஈ எடிட் என்ற பதிவுத் திருத்தியில் திறந்து ஒட்டுக்கோப்பு ஒன்றைக் கையால்தான் செய்ய வேண்டும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று லூட்டுக்குத் தெரிய வழியே இல்லை.

நூற்றுக்கணக்கான மோடுகளை ஒரே மூச்சில் நிறுவும் வாபாஜாக் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அது நிறுவும் ஒவ்வொரு மோட் பட்டியலின் பின்னாலும் யாரோ உட்கார்ந்து இந்த மோதல்களைத் தீர்த்திருக்கிறார்கள். அதில் நீங்கள் ஒரு மோடைக் கூட்டினால் அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். நம்மைக் கேட்காமலே விளையாட்டு அப்டேட் ஆவது இன்னும் மோசம். 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷன் அப்டேட் வந்தபோது, எஸ்கேஎஸ்ஈ என்ற ஸ்கிரிப்ட் நீட்டிப்புக் கருவியை நம்பிய ஏராளமான மோடுகள் புதிய பதிப்பு வரும்வரை முடங்கின.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே மோட் ஆர்கனைசரை நிறுவிக்கொள்ளுங்கள். ஸ்டீமில், விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு மோடையும் சேர்த்த கையோடு மோதல் பட்டியலைத் திறந்து பாருங்கள்.