நொச்சிக்குப்பத்து வலை ஊசி

சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் கடலோர மீனவர் குப்பமான நொச்சிக்குப்பம். லூப் சாலையில் 2024இல் திறந்த மீன் அங்காடியின் பரபரப்பு எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது, புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையேறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் அங்கே நடக்கும் வலை வேலை.

வலை ஊசி என்பது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு. நடுவிலுள்ள நாக்கில் நைலான் நூலைச் சுற்றியிருப்பார்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, நண்டு கடித்த இடத்தைக் கத்தியால் இன்னும் பெரிதாக வெட்டுகிறார் ஒரு பெரியவர். பிசிறு போனால்தான் புது வலைக்கண் சரியாக அமையும். விரலே அளவுகோல். கண் பெருத்தால் மீன் நழுவும். சிறுத்தால் குஞ்சும் சிக்கும்.

இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக, பிடித்த மீனில் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு; மீன் இல்லாத நாளில் பங்கும் இல்லை. அடுப்பு எரிவது மீன் விற்கும் பெண்களின் கைமாற்றில்தான். அப்படியும் பக்கத்துப் படகுக்காரர் வந்து உட்கார்ந்து இன்னொரு முனையைப் பிடிக்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமி படகையும் வலையையும் வாரிக்கொண்டு போன பிறகும் இந்தக் கரை தொழிலை விடவில்லை.

மீன் வாங்கும்போது நாம் பேரம் பேசும் விலையில் இந்தக் கூலியில்லா நாட்களும் அடக்கம். அதை மனதில் வைத்துக் காசைக் கொடுப்போம்.