எழுவாய் இல்லாத வாக்கியம்

கதை எழுதுகிறவனுக்குச் சர்க்கார் பிரசுரத்தை விமர்சிக்க என்ன யோக்கியதை என்று கேட்கலாம். வாக்கியம் எங்கே பிசகுகிறது என்று பார்ப்பது என் தொழில். அந்த ஒரு யோக்கியதைதான்.

மாசி மாதம் அதிராம்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். கடலோர ஊர், உப்பளங்களைத் தாண்டி வருகிற காற்று நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஊருக்கு வெளியே, அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளுக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். தெருமுனையில் குப்பை புகைந்தது. இரவு நண்பரின் ஏழு வயசுப் பையனுக்கு இழுப்பு கண்டுவிட்டது. தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு தோளை உயர்த்தினான். "ஒண்ணுமில்லே வாப்பா, இப்பச் சரியாயிடும்" என்று தாயார் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இதுக்கெல்லாம் ஒரு சட்டம் கிடையாதா, அண்ணே?" என்றார் நண்பர்.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். சட்டம் இருக்கிறது, 1981-லேயே வந்தது. அதன்கீழ் 2009-ல், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கான தூள் அது. நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சொன்ன அளவோ 5.

வரம்பு போதாது, இன்ன தேதிக்குள் இவ்வளவு குறையவேண்டும் என்ற இலக்கும் வேண்டும் அல்லவா? அதற்காக 2019-ல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. 2017-ம் வருஷத்து அளவிலிருந்து 2024-க்குள் 20 முதல் 30 சதவிகிதம் குறைப்பதாகச் சொல்லிற்று. இலக்குக்கு முன்னால் 'தற்போதைக்கு' என்று பொருள்படும் ஓர் அடைமொழி வேறு. எந்த இலாகா என்ன செய்வது என்று அட்டவணை உண்டு. இலக்குத் தவறினால் சட்டப்படி யார் பொறுப்பு என்பது மட்டும் இல்லை. 'குறைக்கப்படும்' என்கிறோம், குறைப்பவர் யார்? பிறகு 2025-26-க்குள் 40 சதவிகிதம் என்று உயர்த்தினார்கள். ஆனால் கணக்குப் பார்ப்பதோ 10 மைக்ரான் தூளை வைத்து. கதாநாயகனையே பாதிக் கதையில் காணோம்! தமிழ்நாட்டில் பட்டியலில் சேர்ந்தவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. அதிராம்பட்டினத்துக்கு அதில் இடமில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2013-ல் லண்டனில் எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயசுப் பெண் இழுப்பு நோயால் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதினார். சட்டம் கட்டுப்படுத்தும் இலக்கு வேண்டும் என்றும் அடுத்த வருஷம் எழுதினார். அங்கே 2021-ல் வந்த சட்டம், இலக்கு நிறைவேறும்படி பார்ப்பது மந்திரியின் கடமை என்கிறது. 2023-ல் இலக்கையும் குறித்தார்கள்: 2040-க்குள் 10 மைக்ரோகிராம். தேதி மிகவும் தூரம், எண்ணும் தாராளம். 2023-ல் பிறந்த குழந்தை பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்கிற வயசாகிவிடும். இருந்தாலும் அந்த வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் இருக்கிறது. தவறினால் இன்னாரைக் கேட்கலாம்.

சட்டத்தில் எழுதினால் புகை அடங்கிவிடுமா என்று சிரிக்கலாம். அடங்காதுதான். ஆனால் எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கடைசியில், கைக்கு அகப்பட்ட எளியவனை எழுவாயாக்கிவிடும். அடுத்த போகத்துக்கு வயலைத் தயார் செய்ய வழி தெரியாமல் தாளைக் கொளுத்தினானே, அந்தக் குடியானவன் தலையில் அபராதம் விழும். மேலே ஒருவர் பொறுப்பென்று இருந்தால், வைக்கோல் கட்டும் இயந்திரத்தை அவன் வயலுக்கு அனுப்புவதும், தெருக் குப்பையை அள்ளுவதும் அவர் கவலையாகும்.

நண்பருக்குக் கடிதம் எழுதினேன்: "சட்டம் இருக்கிறது, அதில் ஒரு பெயர் இல்லை." பதிலில் அவர் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பையன் அன்று பள்ளிக்கூடம் போனான் என்று மட்டும் எழுதியிருந்தார்.