கட்டைவிரல் வைத்துப் பாருங்கள்

பூட்ஸ் வாங்கப் போகிறீர்கள். சேல்ஸ்மேன் அட்டைப்பெட்டியைத் திறக்கிறார். மெல்லிய காகிதம் சரசரக்கிறது. தோல் வாசனை கும்மென்று வருகிறது. உள்ளே தங்க எழுத்தில் ‘ஜெனுயின் லெதர்’ என்று ஒரு முத்திரை. முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. அவ்வளவுதான், நீங்கள் விழுந்துவிட்டீர்கள்.

நானும் விழுந்தவன்தான். 2011-ல் 4,000 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். முதல் ஐப்பசி மழையிலேயே, விரல் மடங்குகிற இடத்தில், மேல்பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய சாக்கு மாதிரி சாம்பல் நிறத்தில் எதுவோ. எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். “தண்ணியில போட்டிருக்கீங்க சார்” என்றார், குற்றம் கண்டுபிடித்த தொனியில். மழைக்கு ஆகாத பூட்ஸை வேறு எதற்குப் போடுவதாம்?

ஒரு விளக்கம். நம் ஊரில் கயிறு கட்டுகிற எல்லாமே பூட்ஸ்தான். பள்ளிக்கூடப் பிள்ளை போடுவதும் பூட்ஸ், போலீஸ்காரர் போடுவதும் பூட்ஸ். நான் இங்கே சொல்வது கணுக்காலை மூடுகிற அசல் தோல் பூட்ஸை. அது நல்லதா இல்லையா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கொடுக்கிற காசு நியாயமா?

முதலில் அந்தத் தங்க எழுத்து. அது பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. மாட்டுத்தோல் தடிமனானது. மெஷினில் விட்டு அதை இரண்டாக, மூன்றாகப் பிளக்கலாம். ரோமம் இருந்த மேலடுக்கில் இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும், உறுதி அங்கேதான். கீழடுக்குக்கு ‘ஸ்ப்ளிட்’ என்று பெயர். தளர்ந்த இழை. அதன் மேல் பாலியூரித்தேன் பூசி, தோலின் ரேகைகளை அச்சடித்துவிட்டால் பார்ப்பதற்கு மேல்தோல் மாதிரியே இருக்கும். அதுவும் தோல்தான். எந்த அடுக்கு என்று மட்டும் முத்திரை சொல்லாது. நான் பி.காம். படித்தவன். லாபத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கடனை அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடுகிற கம்பெனிகளைப் பார்த்துப் பழகியும் கோட்டை விட்டேன்.

மேலடுக்கைச் சுரண்டாமல் அப்படியே விட்டால் ‘ஃபுல் கிரெய்ன்’. தழும்புகளைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூச்சு கொடுத்தால் ‘கரெக்டட் கிரெய்ன்’. பளபளப்பெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது ரகம். வித்தியாசம் தெரிய வேண்டுமா, கட்டைவிரலால் தோலை அழுத்துங்கள். சிலந்தி வலை மாதிரி நுணுக்கமாகச் சுருங்கி, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்ல தோலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரப்பர் ஷீட் மாதிரி மொத்தமாக அமுங்கி எழுந்தால் பெட்டியை மூடச் சொல்லுங்கள். ஒரு கொசுக்கடித் தழும்பு, முள் கீறிய கோடு தென்பட்டால் பதற வேண்டாம். மாடு காட்டில் மேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசனையை மட்டும் நம்பாதீர்கள். அது பாட்டிலிலும் கிடைக்கிறது.

இப்போது பூட்ஸைத் தலைகீழாகத் திருப்புங்கள். யாரும் செய்வதில்லை. ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மேல்தோலும் அடிப்பாகமும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? மூன்று வழிகள் பிரபலம். வெறும் பசை. இது மலிவு, பசை விட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது, உள்ளங்காலில் இருந்து அடி வரை ஒரே தையலாக இறக்குவது. ‘பிளேக்’ தையல் என்பார்கள். லேசானது, நன்றாக வளையும். ஆனால் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் நேராக உங்கள் சாக்ஸுக்கு வந்து சேரும். மூன்றாவது ‘குட்இயர் வெல்ட்’. பெயரைப் பார்த்து டயர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிய சார்லஸ் குட்இயரின் மகன் 1870 வாக்கில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷின் தையல் இது. மேல்தோலையும் உள் அட்டையையும் சுற்றி ‘வெல்ட்’ என்ற தோல் பட்டை ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். அடிப்பாகத்தை அந்தப் பட்டையோடு மட்டும் தனியாக இன்னொரு தையல். நடுவில் கார்க் தூள் நிரப்புகிறார்கள்; சில மாதங்களில் அது உங்கள் பாதத்தின் மேடுபள்ளத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அடி தேய்ந்தால் வெளித்தையலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போடலாம். மேல்தோலில் ஊசி படாது.

இதிலும் டூப்ளிகேட் உண்டு. பசை போட்டு ஒட்டிய பூட்ஸைச் சுற்றி, அலங்காரத்துக்குத் தையல் போட்ட பட்டை ஒன்றையும் ஒட்டிவிடுவார்கள். மேல்தோலையும் பட்டையையும் நகத்தால் லேசாக விலக்கிப் பாருங்கள். இடுக்கில் நூல் தெரிந்தால் நிஜம். பசை மட்டும் மின்னினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அதற்காக ‘குட்இயர்’ என்ற பெயருக்கே சூடம் காட்டுகிற பூட்ஸ் பக்தர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலான குட்இயர் பூட்ஸில் அந்த உள் தையலைத் தாங்குவது, உள் அட்டையில் பசை போட்டு ஒட்டிய ஒரு துணி விளிம்பு. ஆக, அங்கேயும் அஸ்திவாரம் பசைதான்! தடித்த தோலிலேயே விளிம்பு செதுக்கிக் கையால் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் நமக்கு நடக்கவே வேண்டாம் என்று தோன்றும்.

அளவு பற்றி ஒரே வரி: சாயங்காலம் போய் வாங்குங்கள், காலையில் இருக்கிற கால் சாயங்காலம் இருப்பதில்லை.

நல்ல பூட்ஸ் என்றதும் எல்லோரும் இங்கிலாந்தின் நார்த்தாம்டனைச் சொல்வார்கள். நியாயம்தான். தலைமுறை தலைமுறையாக பூட்ஸ் தைத்த ஊர். ஆனால் அவர்கள் எந்தத் தோலில் தைத்தார்கள்? ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடித்த நம் மதராஸ் தோல் கப்பல் கப்பலாகப் பிரிட்டனுக்குப் போனது. ‘ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்’ என்று அதற்கு மார்க்கெட்டில் பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸ் மேல்தோலுக்கு அது தேவைப்பட்டு, அரசாங்கமே கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. குரோமிய உப்பில் வேகமாகப் பதனிடும் முறையும் வந்தது. அந்தத் தொழிற்சாலையால்தான் நம் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாது என்று வைத்திருந்த நாடு இது. அதே தோல் சீமைக்குப் போய் பூட்ஸாகத் திரும்பி வந்தபோது வரவேற்பறை வரை உள்ளே விட்டது.

இன்னொரு செலவும் உண்டு. பில்லில் அது வராது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு ஜோடி வாங்கி எறிவதா, பத்து வருடத்துக்கு ஒரு ஜோடியா என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கில எழுத்தாளரின் 1993 நாவல் ‘மென் அட் ஆர்ம்ஸ்’. அதில் வைம்ஸ் என்ற காவல் அதிகாரி போடுகிற பூட்ஸ் கணக்கு உலகப் பிரசித்தம். நல்ல பூட்ஸ் 50 டாலர், பல வருடம் உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஓரிரு பருவத்தில் ஓட்டை. பணக்காரன் ஒரே தடவை 50 கொடுக்கிறான். ஏழை பத்து வருடத்தில் 100 டாலர் கொடுத்தும் கால் நனைந்தபடியே இருக்கிறான். அருமையான கணக்கு. இன்றைக்கு அதைச் சொல்லியே விலை உயர்ந்த பூட்ஸை நம் தலையில் கட்டுகிறார்கள்.

காமர்ஸ் படித்த கை சும்மா இருக்குமா? போட்டுப் பார்த்தேன். 2014-ல் 12,000 ரூபாய்க்கு ஒரு குட்இயர் வெல்ட் பூட்ஸ் வாங்கினேன். பதினோரு வருடம் போட்டேன். இரண்டு முறை அடி மாற்ற 5,000. மொத்தம் 17,000. அதற்கு முன் வருடத்துக்கு ஒன்றாகச் சுமார் 1,600 ரூபாய் ஷூ வாங்கிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடத்துக்கு 17,600. மிச்சம் 600! பாலிஷ் செலவில் அதுவும் காலி. 12,000-ஐ ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும்.

வைம்ஸ் கணக்கு தப்பா? அவருக்குச் சரி. அவர் குளிர்ந்த ஈரமான ஊரில் ராத்திரி ரோந்து போகிறவர், கையில் 50 டாலர் மொத்தமாக இல்லாதவர். நான் வெயில் ஊரில் ஆட்டோவில் போகிறவன், 12,000-ஐ ஒரே மூச்சில் எடுத்து நீட்ட முடிந்தவன். ஏழையின் கணக்கை இரவல் வாங்கி என் ஆசைக்கு நியாயம் கற்பிக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. தோல் வருடா வருடம் கறுத்து, என் காலின் சாய்வு அதில் தெரிகிறது. அதனால் வாங்கினேன். இப்படிச் சொல்லிவிட்டு வாங்குவதுதான் யோக்கியம்.

இரண்டாவது முறை அடி மாற்றப் பெரியமேடு பக்கம் ஒருவரிடம் போனேன். பிளாட்பாரத்தில் சாக்கு விரித்த கடை. ஆம்பூர் ஃபேக்டரியில் பல வருடம் வேலை செய்தவர். பூட்ஸை வாங்கி, சொல்லாமலேயே திருப்பினார். வெல்ட் இடுக்கில் நகத்தை விட்டார். குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, “என்ன விலை சார் இது?” என்றார்.

அவர் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. எனக்கு என்னவோ போல் இருந்தது. “மூவாயிரம்” என்றேன்.

அவர் கட்டைவிரலால் தோலை ஒரு அழுத்து அழுத்தினார். சுருக்கம் ஓடி, மறைந்தது. சிரித்தார்.

“மூவாயிரத்துக்கு இது வராதுண்ணே. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க.”