செம்புக் கம்பி இருக்கிறதா?

மின்சாரம் போன இரவிலும் லேண்ட்லைன் மணி அடிக்கும். தொலைபேசி நிலையத்து பேட்டரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் செம்புக் கம்பி வழியாகவே வந்துவிடும். வீட்டு மின்சாரத்தை அது எதிர்பார்ப்பதில்லை. ரிசீவரின் கனமும் ஒரு சுகம். காதுக்கும் வாய்க்கும் அளவெடுத்த வளைவு. தோளில் இடுக்கிக்கொண்டு கீரை ஆய்ந்தபடியே பேசலாம். (செல்போனை அப்படி இடுக்கினால் கழுத்துதான் சுளுக்கும்.) அழைப்பு வீட்டுக்குத்தான் வரும், எடுப்பவர் யாரானாலும் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுத்தான் வேண்டியவரைக் கூப்பிடச் சொல்ல முடியும்.

வைத்திருப்பதா, விடுவதா? ஃபைபருக்கு மாறிய இணைப்பில் அந்த 48 வோல்ட் கிடையாது. மோடம் அணைந்தால் போனும் ஊமை. அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். செம்புக் கம்பி இன்னும் உயிரோடிருந்தால் வாடகை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சரண்டர் செய்கிறவர்கள் டெபாசிட் பணத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.